பூவுறைக்குள் எட்டுமா வேப்பெண்ணெய்?

புத்தளத்தில் தொடங்கி மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரை, உரிக்காத தேங்காய்களைக் குவித்து வைத்திருக்கும் வளவுகளில் சில காய்கள் தனியாகக் கண்ணில் படும். காம்படியிலிருந்து கீழ்நோக்கி முக்கோண வடிவில் பழுப்புத் தழும்பு ஓடும். தோல் வெடித்துச் சொரசொரத்துப் பிசின் காய்ந்திருக்கும். காய் சிறுத்து ஒரு பக்கம் கோணியிருக்கும். அலவாங்கில் குத்தி உரிக்கப் போனால் பொச்சு இறுகிக் கையை நோகடிக்கும். கருவண்டோ செவ்வண்டோ வந்திருந்தால் துளை இருக்க வேண்டும், சக்கை தள்ளியிருக்க வேண்டும். இங்கே துளையும் இல்லை, புழுவும் இல்லை. காயைப் பிளந்து பார்த்தாலும் ஒன்றும் அகப்படாது.

அகப்படாததற்குக் காரணம், தழும்பு நம் கண்ணுக்குத் தெரியும் முன்பே வேலை முடிந்துவிட்டது. காய் குரும்பையாக இருந்த காலத்தில், காம்படியில் ஓடுகள் அடுக்கியதுபோல் ஒட்டியிருக்கும் தடித்த இதழ்களுக்கு அடியில், ஆயிரக்கணக்கான நுண்ணிய உயிர்கள் அதன் இளந்தோலைக் குத்திச் சாறு உறிஞ்சியிருக்கின்றன. அந்த இதழ்களின் தொகுதியைப் பூவுறை என்று அழைப்போம். பூவுக்கு உறையாக இருந்த இதழ்களே பின்னர் காயின் மூடியாகத் தங்கிவிடுகின்றன. புண்பட்ட தோல் பூவுறைக்கு வெளியே வளர்ந்து வரும்போதுதான் முக்கோணத் தழும்பாகத் தெரிகிறது.

இந்த உயிருக்குத் தோட்டக்காரர் வைத்திருக்கும் பெயர் மைற்றா. நூல்களில் சிற்றுண்ணி என்பார்கள். பூச்சி இனமல்ல, சிலந்திக்கும் மாட்டுண்ணிக்கும் உறவு. உறவினருக்கு எட்டுக் கால், இதற்கு நான்கே கால். நீளம் கால் மில்லிமீற்றரைத் தாண்டாது, அகலம் ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு. 1965இல் மெக்சிக்கோவின் குவெரேரோ மாநிலத்துத் தேங்காய்களிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்டதால் அசேரியா குவெரேரோனிஸ் என்று பெயர் பெற்றது. தென்னை நம் பக்கத்துக் கடல்களின் மரம்; அமெரிக்கக் கண்டத்துக்கு மனிதர் கொண்டுபோனது. சிற்றுண்ணியோ அங்கே பிறந்தது. பல நாடுகளிலிருந்து சேகரித்த சிற்றுண்ணிகளின் டி.என்.ஏவை ஒப்பிட்டு 2005இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. அமெரிக்கக் கண்டத்து மாதிரிகளில், அதிலும் பிரேசிலில், வேறுபாடுகள் மிகுதியாக இருந்தன. ஆபிரிக்கா, ஆசியா மாதிரிகள் ஏறத்தாழ ஒரே அச்சாக இருந்தன. நெடுங்காலம் வாழ்ந்த இடத்தில் வேறுபாடு சேரும். அண்மையில் ஒரு சில மட்டும் வந்து பெருகிய இடத்தில் வேறுபாடு இராது. அமெரிக்கக் காட்டுப் பனை இனம் ஒன்றிலிருந்து தென்னைக்குத் தாவி, பிறகு உலகைச் சுற்றியிருக்க வேண்டும் என்பது அதிலிருந்து எடுத்த முடிவு.

இலங்கையில் இது முதலில் பதிவானது 1997இன் இறுதியில், மன்னாருக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீற்றரில் உள்ள கற்பிட்டிக் குடாநாட்டில். 1990இல் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல அப்போது அங்கேதான் ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்துகொண்டிருந்தன. கற்பிட்டித் தென்னைக்கு வந்த கேடு மன்னாராருக்கு அயலூர்ச் செய்தியாக இருந்ததில்லை. 1998இல் இதே சிற்றுண்ணி கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் பதிவாகி, வெகுவிரைவில் தமிழ்நாட்டுக்கும் போனது. தொலைதூரத்துக்கு அதைக் கொண்டுபோவது தாக்குண்ட காய்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள். மரத்துக்கு மரம் கொண்டுபோவது காற்று. மன்னாரின் தென்கரையில் 2020 டிசம்பரில் தம்பபவனிக் காற்றாலைத் தொகுதி திறக்கப்பட்டது. 30 பெருஞ்சுழலிகள், 103.5 மெகாவாட். அவ்வளவு காற்று உள்ள கரையில், எடையே இல்லாத ஓர் உயிர் அடுத்த வட்டுக்குப் போய்ச் சேர்வது பெரிய காரியமல்ல.

இதைக் கொல்வது எளிது. ஆய்வுக்கூடத்தில் ஒரு தட்டில் இட்டுத் தெளித்தால் எத்தனையோ பொருள்கள் கொல்லும். அதைத் தொடுவதுதான் கடினம். மன்னாரின் பேசாலை மீனவர் எந்த மீனுக்கு எந்தக் கண் அளவுள்ள வலை என்று தேர்ந்து வைத்திருப்பார். கண்ணைவிடச் சிறியது போய்விடும், பெரியது நின்றுவிடும். பூவுறையின் விளிம்புக்கும் காயின் தோலுக்கும் இடையிலான விரிசல் அப்படிப்பட்ட ஒரு கண். கருக்கட்டி ஒரு மாதமான குரும்பையில் அந்தக் கண் சிற்றுண்ணி நுழையும் அளவுக்கு மட்டும் இருக்கிறது. அதைத் தின்னும் உயிர்கள் வெளியே நின்றுவிடுகின்றன. நாம் தெளிக்கும் துளியும் பெரும்பாலும் வெளியே வழிந்துவிடுகிறது. உள்ளே முட்டையிலிருந்து முதிர்ச்சி வரை ஏழு முதல் பத்து நாள். ஒரு பெண் நூறுக்கு மேல் முட்டையிடும். மூன்றாம், நான்காம் மாதக் குரும்பையில் கூட்டம் உச்சத்துக்குப் போகும். காய் முற்றத் தொடங்கினால் தோல் கடினமாகும், உணவு குறையும், கூட்டம் கலையும்.

உள்ளே எட்டவில்லை என்றால் மரத்தின் சாற்றின் வழியே நஞ்சை அனுப்பலாமே என்று யோசித்தார்கள். மொனோகுரோட்டபொஸ் போன்ற ஊடுருவும் பீடைநாசினிகளை இந்தியாவில் வேர் வழியாகச் செலுத்தினார்கள். இளநீரும் தேங்காயும் வீட்டுக்குப் போகும் பொருள்கள். நஞ்சு செலுத்திய மரத்தில் எப்போது காய் பறிக்கலாம் என்று நாள் எண்ணிக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு குழந்தைக்கு இளநீர் கொடுக்குமுன் நாள் எண்ண வேண்டும் என்றால் அந்த வழி சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். தாவரச் சாறுகளின் பக்கம் ஆய்வாளர்கள் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மன்னாரில் வேம்புக்குக் குறைவில்லை. உவர்க்காற்றையும் வரட்சியையும் தாங்கி நிற்கும் மரம் அது. அதன் திறனை நவீன அறிவியல் கவனித்தது வெட்டுக்கிளிகளால். 1959இல் சூடானில் பச்சை எல்லாவற்றையும் தின்று தீர்த்த வெட்டுக்கிளிப் படை வேம்பை விட்டுவிட்டுப் போனதை ஜெர்மானிய ஆய்வாளர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் கண்டார். 1962இல் டில்லியை வெட்டுக்கிளிகள் மொய்த்தபோது, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதான் குழுவினர் வேப்பம்பருப்பை அரைத்துக் கரைத்துப் பயிர்களில் தெளித்தார்கள். வெட்டுக்கிளிகள் வந்து இறங்கின, தின்னவில்லை. 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மோர்கன் இருவரும் இதற்குக் காரணமான பொருளைப் பிரித்தார்கள். வழி எளிமையானது. வேப்பங்கொட்டைச் சாற்றைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சீனி தோய்ந்த வடிதாளில் தடவி வெட்டுக்கிளிக்கு வைத்தார்கள். எந்தக் கூறு தடவிய தாளை அது தொடவில்லையோ, அந்தக் கூறை மேலும் பிரித்தார்கள். கடைசியில் கிடைத்தது அசாடிராக்டின். பூச்சியின் தோலுரிப்பை நடத்தும் சுரப்பை இது குலைக்கிறது. தோலுரிக்க முடியாத இளம்பூச்சி வளராமல் இறக்கிறது. இந்த மூலக்கூறை ஆய்வுக்கூடத்தில் முழுமையாகக் கட்டி முடிக்கக் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவினருக்கு 22 ஆண்டுகள் ஆயின, 2007இல்தான் முடித்தார்கள். வேம்பு அதை ஒவ்வொரு பழக்காலத்திலும் செய்து கீழே உதிர்க்கிறது.

ஆனால் வெட்டுக்கிளிக் கதையை அப்படியே சிற்றுண்ணிக்குப் பொருத்தக் கூடாது. 1980களில் இஸ்ரேலில் மன்சூர், ஆஷர் முதலியோர் வேப்பங்கொட்டையைப் பல கரைப்பான்களில் தனித்தனியாக ஊறவைத்து, ஒவ்வொரு சாற்றையும் பயிர் இலைகளில் வாழும் செஞ்சிற்றுண்ணி மீது சோதித்தார்கள். அசாடிராக்டின் நன்றாகக் கரைவது மதுசாரம் போன்ற கரைப்பான்களில். அந்தச் சாறுகளை முந்திக்கொண்டு, கொழுப்பைக் கரைக்கும் பென்ரேன் சாறுதான் சிற்றுண்ணியை வலுவாகத் தாக்கியது. அதாவது புகழ்பெற்ற மூலக்கூறைவிட எண்ணெய்ப் பகுதிக்கே இங்கே கூடுதல் வேலை. கடையில் போத்தலின் மேல் அசாடிராக்டின் எத்தனை என்று மட்டும் பார்த்து வாங்குபவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எண்ணெய் எப்படிக் கொல்கிறது? பூச்சியின் மூச்சுத் துளைகளை அடைத்து என்று சொல்வது வழக்கம். தென்னைச் சிற்றுண்ணிக்கு மூச்சுத் துளையே கிடையாது. அவ்வளவு சிறிய உடலுக்குத் தோல் வழியே வரும் காற்று போதும். எண்ணெய்ப் படலம் அந்தத் தோல் முழுவதையும் மூடிவிடுகிறது. முட்டையின் மேலும் படிகிறது. லுணுவிலவில் உள்ள தெங்கு ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்த கலவைகளில் ஒன்று 20 சதவீதப் பாம் எண்ணெயும் 0.5 சதவீதக் கந்தகமும் கலந்த நீர். அதில் வேம்பே இல்லை. எண்ணெய்க்கு எண்ணெய் என்ற அளவிலேயே ஒரு வலு உண்டு என்பதற்கு இது நல்ல சான்று. கேரளத்தில் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன கலவை வேறு: 10 லீற்றர் நீருக்கு 200 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், 200 கிராம் பூண்டு, 50 கிராம் சவர்க்காரம். பூண்டை நசுக்கும்போதுதான் அல்லிசின் என்ற கந்தகப் பொருள் உண்டாகிறது. அதனால் முழுப் பூண்டைப் போட்டுப் பயனில்லை, அரைத்து வடித்த சாறு வேண்டும். இலுப்பை, புங்கை எண்ணெய்களையும் தமிழ்நாட்டில் சோதித்திருக்கிறார்கள். இலுப்பைக்கடவை என்று ஊருக்கே பெயர் வைத்திருக்கும் மாவட்டம் மன்னார். அந்த மரத்தையும் நம் ஆய்வாளர்கள் ஒரு கை பார்க்கலாம்.

சாறு முழுதாக இருப்பதில் இன்னொரு நன்மை உண்டு. கனடாவில் ஃபெங், ஐஸ்மன் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில் அசுவினிகளை இரு கூட்டமாக வளர்த்தார்கள். ஒரு கூட்டத்துக்குத் தூய அசாடிராக்டின், மற்றதற்கு வேப்பங்கொட்டைச் சாறு. நாற்பது தலைமுறை கடந்தபோது முதல் கூட்டம் அந்த மருந்தை ஒன்பது மடங்கு தாங்கப் பழகியிருந்தது. சாறு பெற்ற கூட்டம் பழகவில்லை. பல பொருள்கள் ஒரே நேரத்தில் பல இடங்களில் தாக்கும்போது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தலைமுறை தப்பிப் பிழைப்பது அரிது. சிற்றுண்ணிகளிடம் இது சிறிய விஷயமல்ல. மன்னாரின் முருங்கன், நானாட்டான் பக்கத்துக் கத்தரி, மிளகாய்ச் செய்கையாளர் இலையின் அடியில் நூலாம்படையோடு காண்கிறார்களே, அந்தச் செஞ்சிற்றுண்ணியின் நெருங்கிய இனமான இருபுள்ளிச் சிற்றுண்ணி ஆயிரத்துக்கு மேற்பட்ட தாவர இனங்களைத் தின்னும். அதன் மரபணுத்தொகுதி 2011இல் முழுமையாக வாசிக்கப்பட்டது. அளவில் சிறியதுதான், ஏறத்தாழ 9 கோடிக் கார இணைகள். ஆனால் நஞ்சை உடைக்கும் மரபணுக்கள் அதில் நிறைய. அத்தனை தாவரங்களைத் தின்றது அத்தனை தாவரங்களின் நஞ்சையும் சந்தித்திருக்கிறது. தாவர மருந்து என்பதாலேயே அது அஞ்சிவிடாது. உலகில் பீடைநாசினிகளுக்கு மிக வேகமாகப் பழகும் உயிர்களில் அது முன்வரிசையில் நிற்கிறது. இதையும் தென்னைச் சிற்றுண்ணியையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும்: இலையடியில் வாழ்வதை, குழாயின் முனையை மேல்நோக்கித் திருப்பித் தெளித்தால் எட்டிவிடலாம்.

இனி, ஒரே எண்ணெய் ஒரு வளவில் பலித்து அடுத்த வளவில் பலிக்காமல் போவது ஏன் என்று கேட்கலாம். முதலில் தண்ணீர். எண்ணெய் நீரில் கலக்காது. அதைச் சிறு துளிகளாக உடைத்து நீரில் மிதக்க வைப்பது சவர்க்காரம். மன்னார் முதல் யாழ்ப்பாணம் வரை நிலத்தடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். அதன் வழியே ஊறிவரும் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரைந்து போவதைத் துணி துவைக்கும் எவரும் அறிவார். சவர்க்காரம் திரைந்தால் எண்ணெய் தனியே பிரிந்து மேலே மிதக்கும். தெளிப்பான் முதலில் வெறும் நீரையும் கடைசியில் வெறும் எண்ணெயையும் கக்கும். ஒரு குலைக்கு மருந்தே இராது, அடுத்த குலை கருகும். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மை அசாடிராக்டினையும் சிதைக்கிறது. மழைநீரைப் பிடித்து வைத்துக் கலப்பதும், கலந்ததை அன்றே தெளித்து முடிப்பதும் இந்தக் கரைக்கு மிகப் பொருத்தம்.

அடுத்தது வெயில். புற ஊதாக் கதிர் பட்டால் அசாடிராக்டின் சில நாள்களில் அழிந்துவிடும். மாலையில் தெளிப்பது அதனால்தான். மூன்றாவது காற்று. சோளகம் உரக்க வீசும் மாதங்களில், உயரமான மரத்தின் வட்டில் தெளிக்கும் துளிகளில் எத்தனை குரும்பையில் விழும்? காற்று தணிந்த வேளை பார்த்து, ஆள் மரத்தில் ஏறி, குலையின் காம்படியில் முனையை வைத்துத் தெளிக்க வேண்டும். பனை சீவும் தொழிலாளர் உள்ள ஊரில் அதற்குக் கைத்திறன் உண்டு, ஆனால் கூலியும் உண்டு. செலவில் பெரும்பகுதி எண்ணெய்க்கு அல்ல, ஏறி இறங்குவதற்கே போகிறது. இதைக் கணக்கில் எடுக்காத பரிந்துரை எதுவும் தோட்டத்தில் நிலைக்காது.

எந்தக் குலைக்குத் தெளிப்பது என்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. தழும்பு தெரியும் குலையைப் பார்த்ததும் கை அங்கே போகும். அந்தக் குலையில் சேதம் முடிந்துவிட்டது. தெளிக்க வேண்டியது தழும்பே தெரியாத, இரண்டு முதல் ஐந்து மாதக் குலைகளுக்கு. புதிதாக வெடித்த பாளையைத் தொடக் கூடாது. மகரந்தச் சேர்க்கை கெடும்.

தழும்புக் குலையை விட்டுவிட இன்னொரு வலுவான காரணத்தை இலங்கை ஆய்வாளர்களே கண்டுபிடித்தார்கள். தெங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் நயனி ஆரச்சிகே, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில் அந்த விரிசலை அளந்தார். தாக்குண்ட காய்களில் விரிசல் அகன்றிருந்தது. எவ்வளவு என்றால், நியோசெயுலஸ் பராக்கி என்ற இரைகௌவிச் சிற்றுண்ணி நுழையும் அளவுக்கு. தட்டையான நீள உடல் கொண்ட இந்த உயிர் தென்னைச் சிற்றுண்ணியைப் பிடித்துத் தின்னும். லுணுவிலவில் இதைப் பெருமளவில் வளர்த்துச் சிறு பைகளில் அடைத்துத் தோட்டங்களில் விடும் முறையையும் உருவாக்கினார்கள். பீடை பெருகிச் சில வாரம் கழித்தே இது உள்ளே போய்ப் பெருகுவதால், முதிர்ந்த, தழும்பு விழுந்த குலைகளே அதன் இருப்பிடம். எண்ணெய்க்கு நண்பன், பகைவன் தெரியாது. காயின் மேற்பரப்பில் ஓடித்திரியும் இரைகௌவி, உள்ளே ஒளிந்திருக்கும் பீடையைவிட எளிதில் நனைந்து சாகும். இளங்குலைக்கு எண்ணெய், முதிர்ந்த குலை இரைகௌவிக்கு என்று ஒரே மரத்தில் இடம் பிரித்துக் கொடுப்பதுதான் அறிவுள்ள வழியாக எனக்குத் தெரிகிறது.

தாவரத்திலிருந்து வந்தால் தீங்கில்லை என்ற நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. புகையிலைக் கசாயம் முழுக்க முழுக்கத் தாவரச் சாறு. அதில் உள்ள நிக்கொட்டின் தோல் வழியாகவே ஆளைச் சாய்க்கும். வேப்பெண்ணெயைக் குழந்தைக்குப் புகட்டி உயிராபத்தான நிலைக்கு வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கையுறையும் முகமூடியும் இதற்கும் வேண்டும். 2021 மே மாதத்தில் இலங்கை அரசு செயற்கை உரங்களுக்கும் பீடைநாசினிகளுக்கும் ஒரே அறிவிப்பில் இறக்குமதித் தடை விதித்து, நவம்பரில் பின்வாங்கியது. அந்த மாதங்களில் வேப்பம் சாறு எல்லா நோய்க்கும் மருந்தாகப் பேசப்பட்டது. கொட்டையைப் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, பூஞ்சணம் பிடிக்காமல் வைத்து, அடுத்த பருவத்துக்கு எடுத்துக் கொடுக்கும் ஒழுங்கு ஓர் ஆணையில் முளைப்பதில்லை. அதில் நொந்தவர்கள் வேம்பின் மேலேயே நம்பிக்கை இழந்தார்கள் என்றால் அது வேம்புக்குச் செய்த அநீதி.

பலித்ததா என்று எப்படி அறிவது? மழை அடிக்கடி பெய்யும் மாதங்களில் சிற்றுண்ணித் தொகை தானாகவே குறைகிறது, வரட்சியில் ஏறுகிறது. மாரிக்குச் சற்று முன் எதைத் தெளித்தாலும், வெறும் நீரைத் தெளித்தாலும்கூட, பலித்ததாகத்தான் தோன்றும். ஆய்வாளர்கள் இதைத் தவிர்க்க மரங்களைச் சீட்டுப் போட்டுப் பிரிக்கிறார்கள். ஒரு பங்குக்கு மருந்து, ஒரு பங்குக்கு வெறும் நீர். பிறகு இரு பக்கத்திலும் ஒரே வயதுக் குரும்பைகளைப் பறித்து, பூவுறையைக் கழற்றி நுண்நோக்கியில் எண்ணுகிறார்கள். வளவில் செய்வதற்கும் இது அப்படியொன்றும் எட்டாத காரியமல்ல. பத்து மரத்துக்குத் தெளிப்பவர் நான்கு மரத்தைத் தெளிக்காமல் அடையாளமிட்டு விடலாம். நான்கு மாதக் குரும்பை ஒன்றின் இதழ்களைக் கத்தியால் நெம்பி எடுத்து, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லையால் பார்த்தால், வெளிறிய தோலில் நெளியும் வெண்புள்ளிகளின் கூட்டம் தெரியும். தெளித்த மரத்துக் குரும்பையிலும் தெளிக்காத மரத்துக் குரும்பையிலும் அந்தக் கூட்டம் ஒரே அளவு என்றால், எண்ணெயைக் கூட்டுவதற்கு முன் தண்ணீரையும் சவர்க்காரத்தையும் தெளித்த நேரத்தையும் பார்க்க வேண்டும்.